நான்கு எண்ணும் நேரம்

மேடைப்பேச்சு கற்பித்த உமையாளுக்கு நாற்பது வயது. ஊரார் அவரைக் குருவம்மா என்று அழைத்தார்கள். அவரிடம் சீடராகச் சேர்ந்த வேலாயுதத்துக்கு அறுபத்தொன்று. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மைக்கைக் கண்டால் விடமாட்டார், எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளவே வந்தார்.

"கனமான சொல்லைச் சொன்னதும் நிறுத்துங்க. மனசுக்குள்ள நாலு எண்ணுங்க. கண்ணு கடைசி வரிசையில இருக்கட்டும்" என்றார் குருவம்மா.

வேலாயுதத்துக்கு அது நன்றாகவே வந்தது. நம் பக்கத்துக் கூட்டங்களில் பேச்சாளர் நிறுத்தினால் ஜனங்கள் கை தட்டுவார்கள். கேட்டார்களா, கேட்கவில்லையா என்பதெல்லாம் வேறு விஷயம். அவருக்கும் தட்டினார்கள்.

அந்த மாதம் பட்டாசு ஆலை வெடித்ததில் செண்பகவல்லி என்ற பத்தொன்பது வயதுப் பெண் செத்துப்போனாள். இரங்கல் கூட்டத்தில் வேலாயுதம் பேசினார். மறுநாள் காலை குருவம்மா வீட்டுக்கு வந்தவர், உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"கை தட்டிட்டாங்கம்மா."

"எந்த இடத்துல?"

"அந்தப் பொண்ணு பேரைச் சொல்லி நிறுத்தினேன். மூணு எண்ணுறதுக்குள்ள மொத்தக் கூட்டமும் தட்டிருச்சு."

குருவம்மா வாசலுக்கு வந்தார்.

"முன்வரிசையில அவ அம்மா இருந்தாங்க. சுத்திமுத்திப் பார்த்தாங்க. எல்லாரும் தட்டுறாங்களேன்னு அவங்களும் தட்டுனாங்க."

சொல்லிவிட்டு அழுதார். அந்த வயதில் ஒரு மனிதர் அப்படி அழக்கூடாது. பார்க்கத் தாங்கவில்லை.

"அந்தம்மா முகத்தை முன்னாடியே பார்க்கலையா?"

"நான் கடைசி வரிசையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

குருவம்மா அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

"பதினாறாம் நாளும் நான்தான் பேசணுமாம். அந்தம்மாவே கேட்டிருக்காங்க. பேரைச் சொல்லாம இருக்க முடியாது. சொல்லிட்டு நிக்காம ஓடவும் மனசு வரலை. எப்படி நிறுத்துறது?"

"இங்கே சொல்லிக்காட்டுங்க."

வேலாயுதம் எழுந்து நின்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செண்பகவல்லி" என்றார். நிறுத்தினார்.

அறையில் சத்தமே இல்லை. வகுப்பில் எந்தச் சீடர் சரியாக நிறுத்தினாலும் ஆடுகிற மாதிரியே குருவம்மாவின் தலை மெல்ல ஆடியது, பலே என்று. ஆடிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. வேலாயுதமும் பார்த்துவிட்டார்.

அதன்பின் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"எவ்வளவு நேரம்மா நிறுத்தணும்?" என்று தரையைப் பார்த்தே கேட்டார் வேலாயுதம்.

"எனக்குத் தெரியாதுங்க ஐயா. தெரிஞ்ச மாதிரி பதினாலு வருஷமா சொல்லிக்கொடுத்துட்டேன்."