சாயம் போகுமென்று பயந்த வானம்

அந்தக் காலத்தில், கழுதையும் மனிதரும் ஒரே பேச்சில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, வானத்துக்கு நிறமே கிடையாது. வெளுக்கப் போடாத வேட்டிபோல மங்கி, பனைமர உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதன் கீழே பூவாயி என்றொரு சாயக்காரி. கோபம் மூக்கு நுனியில் நிற்கும். பேரத்தில் அவளை ஜெயித்தவர் கிடையாது. அந்த வருடம் சொட்டு மழை இல்லை. நீலச் சாயத்துக்கான அவுரிச் செடியெல்லாம் கருகிக்கொண்டிருந்தது. மிச்சம் ஒரே ஒரு தாழிச் சாயம். அது தீர்ந்தால் அவள் பிழைப்பும் தீர்ந்தது.

ஒருநாள் வானம் தயங்கித் தயங்கிக் கேட்டது. "பூவாயி, எனக்கும் கொஞ்சம் நீலம் போட்டுவிடேன். உன் கழுதைகூடக் கேலி பண்ணுது."

"உள்ளதைத்தானே சொன்னேன்" என்றது கழுதை.

பூவாயிக்குச் சுர்ரென்று ஏறியது. "நல்லாக் கேட்டீங்க சாமி! தண்ணி விட மனசில்லை, நீலம் மட்டும் இனிக்குதோ? மூணு மாசம் மழை கொடுங்க."

"மூணு நாள்."

"உங்க அகலத்துக்குத் தாழியே காலியாயிடும். வருசா வருசம் மூணு மாசம்!"

"என்னது, ஏத்திக்கிட்டே போறே?"

"கழுதை, தாழியை மூடு."

"சரி சரி, தந்தேன்!"

வானத்தை மடித்து மடித்துத் தாழியில் முக்கினாள். ஓரத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டாள். அதைக் கடைசியில் தனியாக முக்குவது அவள் வழக்கம். வெளியே எடுத்ததும் வானம் தன்னைக் குனிந்து பார்த்தது. பாசிக் குளம்போலப் பச்சை!

"அடிப்பாவி, ஏமாத்திட்டியே!"

"காத்துப் பட்டாத்தான் நீலமாகும், பொறுங்க! ஓரம் பாக்கி!"

"மழையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!" அவள் கையை உதறிவிட்டு, எட்டாத உயரத்துக்குப் பாய்ந்துவிட்டது வானம்.

தாழியில் ஓரத்துக்கான அடிச் சாயம்தான் மிச்சம், மழையும் போச்சு. பூவாயி இடுப்பில் கைவைத்து அண்ணாந்து கத்தினாள்: "இப்போ பாருங்க சாமி, உங்க லட்சணத்தை!"

மேலே நல்ல காற்று. பச்சை கரைந்து, நீலம் பூத்துப் பரவியது. கேலி பண்ண வாய் திறந்த கழுதை, திறந்தபடியே நின்றது.

"நல்லாத்தான் இருக்கு" என்றது வானம், சன்னமாக.

"ஓரம் வெளுத்து நிக்குது. இறங்கி வாங்க."

"எந்த முகத்தோட வருவேன்? மழையை வாங்கிக்கோ. ஆமா, தண்ணி பட்டா சாயம் போகுமா?"

"என் சாயமா? போகுமா?" பூவாயி போட்ட சத்தத்தில் பனங்காய் இரண்டு விழுந்தன.

வானத்துக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று முதல்தான் அது மேலே நீலமும் அடிவானத்தில் வெளுப்புமாக இருக்கிறது. மழை பெய்யும்போதெல்லாம், எதற்கும் இருக்கட்டும் என்று மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொள்கிறது.