பலாமணை கேட்ட ரகசியம்

முன்னொரு காலத்தில், தன் நிழலைக்கூட நம்பாத ராஜா ஒருவர் இருந்தார். பெயர் மாறவேள். நாவிதன் அவருக்குச் சவரம் செய்யும்போது நாவிதன் கழுத்தில் ஒரு காவலன் கத்தி வைத்திருப்பான். அந்தக் காவலன் கழுத்தில் இன்னொருவன் வைத்திருப்பான். சாப்பாட்டைக்கூடப் பரிமாறியவன் முதலில் தின்ற பிறகுதான் ராஜா தொடுவார். இப்படியும் ஒரு பிழைப்பு!

அந்த நாட்டில் ராஜா நினைத்தவுடன் போருக்குக் கிளம்பிவிட முடியாது. நாட்டார் சபை சம்மதிக்க வேண்டும். சபை மண்டபத்தின் நடுவில் ராஜா உட்காரவென்று பலாமரப் பலகையால் செய்த ஒரு பலாமணை கிடக்கும். அவர் வந்தாலும் வராவிட்டாலும் அதைப் பார்த்துத்தான் பேச வேண்டும். சபைக்குள் ஆயுதம் நுழையக் கூடாது, சபையாரைப் பிடிக்கவும் கூடாது. அந்த மணையில் ராஜா எங்கே உட்கார்கிறாரோ, அங்கே சபை கூடியதாகக் கணக்கு.

வீட்டுக்கொரு ஆளும் மாடும் போருக்கு வேண்டுமென்றார் மாறவேள். சபை மறுத்தது. சதிதான் என்று முடிவுகட்டி, மண்டபத்தைச் சுற்றிப் படையை நிறுத்திவிட்டார். வெளியே வந்தால் கழுமரம். சபைத் தலைவர் பூவணனும் மற்றவர்களும் உள்ளே பட்டினி கிடந்தார்கள்.

மந்திரி கரியமாணிக்கத்துக்கு அரண்மனை விகடகவி நக்கணனைக் கண்டாலே ஆகாது. அவனும் சதியில் கூட்டு என்று ராஜாவின் காதில் ஓதினார். ராஜா நக்கணனைக் கூப்பிட்டார்.

"சபையில் பேசியதை ஆதியோடந்தமாகக் கேட்டவனைப் பொழுது சாய்வதற்குள் என் முன் நிறுத்து. தவறினால் நீயும் சதிகாரனே."

யாரைக் கொண்டுவந்தாலும் அவன் உயிர் போகும். கொண்டுவராவிட்டால் இவன் உயிர் போகும். நக்கணன் மண்டபத்துக்குப் போனான். அங்கேயும் சந்தேகம்தான்.

"அரண்மனைச் சோறு திங்கிறவன் நீ. உன்னை எப்படிய்யா நம்புறது?" என்றார் பூவணன்.

"நம்ப வேண்டாங்க. யாரும் என்கூட வரவும் வேண்டாம். அந்த மணையை மட்டும் குடுங்க."

அவர்கள் தங்களுக்குள் வெகுநேரம் முணுமுணுத்துவிட்டு, அரைமனதாகக் கொடுத்தார்கள். நக்கணன் அதைத் தலையில் சுமந்து வந்து ராஜாவின் முன் இறக்கினான்.

"ஆதியோடந்தமாகக் கேட்டது இது ஒன்றுதான், மகாராஜா. மற்றவர்கள் நடுவில் கண்ணயர்ந்திருப்பார்கள், வெற்றிலை துப்ப எழுந்து போயிருப்பார்கள். இது அசையவே இல்லை."

கட்டை பேசுமா என்று மந்திரி சீறினார்.

"பேசாது. ஆனால் தாங்கள் இதில் உட்கார்ந்திருந்தால் எல்லாம் தங்கள் காதிலேயே விழுந்திருக்கும். சதி செய்கிறவர்கள் ராஜாவின் மணையைப் பார்த்தா பேசுவார்கள்?"

மாறவேள் மணையைத் திருப்பிப் பார்த்தார். ஊசி ஏதும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

"சபை கூடிவிட்டது" என்றான் நக்கணன். "ஆயுதம் வெளியே போகட்டும், சபையார் உள்ளே வரட்டும்."

காவலர்கள் விழித்தார்கள். வழக்கத்தை மீற ராஜாவுக்கும் துணிவில்லை, தலையசைத்தார். இடுப்பில் குறுவாளோடு நின்ற மந்திரிதான் முதலில் வெளியேற வேண்டியதாயிற்று. பூவணனும் மற்றவர்களும் படையின் நடுவே நடந்து வந்தார்கள். யாரும் தொடவில்லை.

அத்தனை பெரிய சதி என்னவென்று கேட்டால், விதைப்புக் காலத்தில் உழவு மாட்டைப் பறித்தால் அடுத்த வருஷம் படைக்கே சோறு இருக்காது என்பதுதான். மாறவேளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. போர் வேண்டாமென்றார். நக்கணனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, தன் கையாலேயே வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

நக்கணன் அதை வாயில் போடவில்லை. இரண்டாகக் கிள்ளி, ஒரு பாதியை ராஜாவிடம் நீட்டினான்.

"முதலில் தாங்கள், மகாராஜா."

கத்தி பிடிக்கப் பக்கத்தில் ஒரு காவலனும் இல்லை. மாறவேள் அவனையே உற்றுப் பார்த்தார். பிறகு வாங்கி மென்றார். மெல்லும்போதே சிரிப்பு வந்து, வெற்றிலைச் சாறு மேலாடையெல்லாம் தெறித்தது.

அதற்குப் பிறகுதான் நக்கணன் தன் பாதியை வாயில் போட்டுக்கொண்டான்.