எண்பது விரல்கடை தூரம்

குந்தாணிப்பட்டிக்காரர்களைப் பற்றி வெளியூரில் சொல்வதில் பாதி பொய். மீதிப் பாதியே ஊருக்குப் போதும்.

அந்த ஊரில் மொக்கச்சாமி என்று ஒருவன். ஒரு எருமை, ஒரு பெண்டாட்டி, இரண்டுக்கும் பயந்தவன். போன மாட்டுப்பொங்கலுக்கு மாமனார் ஊரான கரட்டூரில் இளவட்டக்கல் போட்டியில் இறங்கினான். உருண்டைக் கல்லைத் தரையிலிருந்து தூக்கி, தோளுக்கு மேல் ஏற்றி, பின்பக்கம் போடவேண்டும். மொக்கச்சாமி கல்லைக் கட்டிப்பிடித்து முக்கினான், முனகினான். களைத்துப்போய் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

அன்றிலிருந்து மாமனார் சடையாண்டி "வாங்க மாப்ள" என்று கூப்பிடும்போதெல்லாம் கூடவே ஒரு சிரிப்பும் வந்தது. சிரிப்பில்லாத ஒரே ஒரு 'மாப்ள' அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் போதும். மொக்கச்சாமிக்கு வேறு ஆசை கிடையாது.

அடுத்த பொங்கலுக்கு எண்பத்தாறு நாள் இருக்கும்போது, பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பி.டி. டீச்சர் அவனிடம் மாட்டிக்கொண்டார். கதை முழுவதையும் கேட்டார். பாவம், உண்மையாகவே யோசித்துப் பதில் சொன்னார்.

"முதல்ல இலக்கை எழுதி, தினமும் கண்ணுல படுற இடத்துல வைங்க. அப்புறம், எடுத்த எடுப்புல தோள் உயரத்துக்கு ஆசைப்படாதீங்க. கல்லுக்கும் உங்க தோளுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தைத் தினம் ஒரு விரல்கடை குறைச்சுக்கிட்டே வாங்க. எண்பது நாள்ல தானா வந்துரும்."

பஸ் வந்தது, டீச்சர் போய்விட்டார். அவர் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஊரின் மூளை என்று பெயரெடுத்த சீனிச்சாமி அண்ணன் தலைமையில் பேச்சு நடந்தது.

"வீட்டுச் சுவத்துல எழுதிருவோமாண்ணே?" என்றான் மொக்கச்சாமி.

"சுவத்தை நீ எப்பப் பார்க்கிற? பொழுதன்னைக்கும் எருமைக்குப் பின்னாடிதானே போற?"

நியாயம்தானே! எருமையின் பின்புறத்தில் சுண்ணாம்பால் பெரிதாகத் 'தோள்' என்று எழுதினார்கள். அழிந்துவிடக்கூடாது என்று அதைக் குளத்தில் இறங்க விடவில்லை. நாலாம் நாள் சூடு தாங்காமல் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. மொக்கச்சாமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"என் இலக்கைக் காணோம்ணே!"

ஊரே திரண்டு தேடியது. மொக்கச்சாமியின் இலக்கு அடுத்த ஊர்ச் சோளக்கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்தது. கொல்லைக்காரனிடம் திட்டு வாங்கிக்கொண்டு ஓட்டிவந்தார்கள்.

"இந்த வாயில்லாச் சீவன் உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று மனைவி பேச்சியம்மாள் எருமையைக் குளத்தில் இறக்கிவிட்டாள். இலக்கு கரைந்துபோனது. அதற்குள் மனப்பாடமாகியிருந்ததால் பாதகமில்லை.

அடுத்தது தூரம். குந்தாணிப்பட்டியிலும் ஒரு கல் உண்டு. கரட்டூர்க் கல்லுக்கு எடையில் ஜோடி. மொக்கச்சாமி அதைக் கட்டிப்பிடிக்கக் குனிந்தான்.

"நில்லு," என்றார் சீனிச்சாமி. "டீச்சர் கல்லைத் தூக்கவா சொன்னாக?"

"இல்லையே."

"தூரத்தைத்தான் குறைக்கச் சொன்னாக. கல்லு மேல வந்தாலும் குறையும், தோளு கீழ போனாலும் குறையும். எது லேசு?"

மொக்கச்சாமிக்குப் புல்லரித்துவிட்டது. இந்த மூளை இத்தனை காலம் குந்தாணிப்பட்டியில் வீணாகிக் கிடந்ததே!

கல்லுக்குப் பக்கத்தில் குழி வெட்ட ஆரம்பித்தார்கள். அதாவது மொக்கச்சாமி வெட்டினான், சீனிச்சாமி விரல் வைத்து அளந்தார். அது சுக்காம்பாறைத் தரை. கடப்பாரை இறங்கினால் பொறி பறக்கும். தினம் ஒரு விரல்கடை வெட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பேச்சியம்மாள் போட்ட கேப்பைக்களியை எல்லாம் வழித்துத் தின்றான். சட்டைகள் தோளில் இறுக்கிப் பிடித்தன. வெளுத்ததில் துணி சுருங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

எண்பதாம் நாள் குழிக்குள் நின்றான். கல் சரியாகத் தோளுக்கு நேரே இருந்தது. லேசாக இழுத்துத் தோள்மேல் உருட்டி, பின்னால் குழிக்குள் போட்டான். ஊரே குலவையிட்டது.

"நாளைக்குப் போட்டி. குழியை எப்படிண்ணே கரட்டூர் கொண்டுபோறது?"

சீனிச்சாமி குழியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். "குழி வராது. அங்கே புதுசா வெட்டிக்கலாம். ஆனா கல்லு பழகின கல்லா இருக்கணும்."

மொக்கச்சாமி குழிக்குள் கிடந்த கல்லைத் தூக்கி மேலே வைத்தான். பிறகு கொண்டுபோய் மாட்டுவண்டியில் ஏற்றினான். இதெல்லாம் போட்டியில் சேராத வேலை என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் கரட்டூருக்கு ஒரு மைல் இருக்கும்போது வண்டியின் அச்சு முறிந்தது. தூரத்தில் மேளச்சத்தம் கேட்டது. பதறிப்போன மொக்கச்சாமி கல்லைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் புறப்பட்டான். கடப்பாரையையும் மண்வெட்டியையும் தூக்கிவந்த சீனிச்சாமி பாதி வழியில் மூச்சு வாங்கி, "எனக்கு முடியலைப்பா," என்று அவற்றையும் அவனிடமே கொடுத்துவிட்டார்.

களத்தில் கூட்டம் வாயைப் பிளந்தது. அவன் நேரே நடுவில் வந்து நின்று, கல்லைத் தோளுக்குப் பின்னால் தொப்பென்று போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான். கடப்பாரையை எடுத்தான்.

"மாமா, ஒரு தோள் ஆழத்துக்குக் குழி வெட்டிக்கிறேன். இல்லாட்டி என்னால தூக்க முடியாது."

சடையாண்டி அவன் பின்னால் கிடந்த கல்லைக் கைகாட்டினார். "மாப்ள... இப்பத்தானே தூக்கிப் போட்டீக!"

"அது சும்மா இறக்கி வச்சது மாமா. போட்டியே இன்னும் ஆரம்பிக்கலையே?"

"கோயில் பொட்டல்ல குழி கிழி வெட்டப்படாது!" என்று பூசாரி அலறினார்.

மொக்கச்சாமியின் கண் கலங்கிவிட்டது. எண்பது நாள் பாடு! யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்காமல், குனிந்து கல்லை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தான்.

பரிசுக் கிடாயை இழுத்துக்கொண்டு சடையாண்டி பின்னாலேயே ஓடிவந்தார். "மாப்ள! ஏ மாப்ள! நில்லுங்க மாப்ள!"

"சிரிக்கத்தான் வர்றாரு. திரும்பிப் பார்க்காதே," என்றார் சீனிச்சாமி. மொக்கச்சாமி நடையை எட்டிப்போட்டான். கிடாய்க்கே மூச்சு வாங்கியது.

"விடுடா, மனசு ஒடியாதே," என்று சீனிச்சாமி தேற்றினார். "நம்ம இலக்கு ரொம்பப் பெரிசாப் போச்சு. அடுத்த வருஷம் கல்லைத் தொடவே வேணாம். நம்ம ஊர்லேருந்து கரட்டூர் வரைக்கும் ஒரு மண்வெட்டியைத் தூக்கிட்டு வர முடியுதான்னு பார்ப்போம்."

"என்னால முடியுமாண்ணே?" என்று கல்லை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டே கேட்டான் மொக்கச்சாமி.