மஞ்சள் சொன்ன சாட்சி

கனகவர்ம மகாராஜாவுக்கு நாக்கைவிடக் கண்ணுக்குத்தான் பசி அதிகம். குழம்பு மஞ்சளாக இருக்க வேண்டும். சும்மா மஞ்சள் இல்லை, விளக்கை அணைத்தாலும் இலையில் குழம்பு எங்கே என்று தெரிய வேண்டும்! வயலில் விளைகிற மஞ்சளுக்கு அவ்வளவு பகட்டு ஏது? "மங்கல், மங்கல்" என்று மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்பினார்.

கடைசியில் தில்லைநாயகம் என்ற வியாபாரி ஒரு பொடி கொண்டுவந்தார். பார்த்த கண் கூசியது. ராஜா சொக்கிப்போய், இனி அரண்மனைக்கு மஞ்சள் இவர் கடையிலிருந்துதான் என்று உத்தரவு போட்டார்.

கொஞ்ச நாள் குழம்பு ஜொலித்தது. அப்புறம் ராஜாவின் வயிறு முறுக்க ஆரம்பித்தது. "ஐயோ, உள்ளே யாரோ கயிறு திரிக்கிறான்!" என்று சிம்மாசனத்திலேயே நெளிவார். கடுக்காயாகக் கொடுத்துப் பார்த்த வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

"எல்லாம் சமையற்காரன் கைக்கோளாறு" என்றார் தில்லைநாயகம்.

வலியில் இருந்த ராஜாவுக்கு அது போதும். சமையற்காரர் சங்கரநயினாருக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி, குடும்பத்தோடு நாட்டைவிட்டே விரட்டத் தீர்ப்பாகிவிட்டது. மறுநாள் காலையில் கழுதை வரும்.

நயினார் ஓடிப்போய் பூதலிங்கத்தின் காலில் விழுந்தார். சபையில் பூதலிங்கம் அமைச்சரும் இல்லை, புலவரும் இல்லை. ராஜாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு உயிரோடு வீடு திரும்புகிறவர், அவ்வளவுதான் அவர் உத்தியோகம்.

"அய்யா, பிள்ளைகுட்டியக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்? அந்தப் பொடி வந்த பொறவுதான் இந்தக் கூத்தெல்லாம். ஒரு கரண்டி அள்ளுனா ஈயக்குண்டு மாதிரி கனக்கு!"

பூதலிங்கம் ஒரு சிட்டிகை வாங்கி உள்ளங்கையில் தேய்த்தார். தண்ணீரில் கழுவினார். கை பளிச்சென்று ஆகிவிட்டது.

"மஞ்சக் கறை ஒரே கழுவல்ல போகுமாவே?" என்றவர், நேரே ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, குற்றம் நயினார் கையில் இல்லை, பொடியில்தான். சுவர்ச் சித்திரத்துக்குப் பூச ஈயத்தைச் சுட்டு ஒரு மஞ்சள் வர்ணம் எடுக்கிறார்களே, அதைத்தான் நீங்கள் தினமும் சாப்பிடுகிறீர்கள் என்று சந்தேகம்."

"பொறாமை! அப்பட்டமான பொறாமை!" என்று குதித்தார் தில்லைநாயகம்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டே கத்தினார். "உம்முடைய வாய்ச்சாலம் வேண்டாம், பூதலிங்கம்! பொடியில் குற்றமென்றால் அந்தப் பொடியே சபையில் வந்து சொல்லட்டும். சொல்லாவிட்டால் கழுதைமேல் நயினாருக்குப் பின்னால் நீர்!"

"சொல்லும், மகாராஜா. இரண்டு ஆள் பாரம். கழுதைக்கு மட்டும் நன்றாகப் புல் போடச் சொல்லுங்கள்."

காலையில் சபை நிரம்பி வழிந்தது. வாசலில் கழுதை தயார். பூதலிங்கம் எழுந்து கும்பிட்டார்.

"மகாராஜா, அரண்மனைக்கே மஞ்சள் தருகிற பெரிய மனிதரை வெறுமனே உள்ளே விடலாமா? ஆரத்தி எடுத்து அழைப்போம். அவர் கடைப் பொடியிலேயே கரைப்போம்."

தில்லைநாயகம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலில் போய் நின்றார். கல்யாணம் காட்சி என்று எத்தனையோ ஆரத்திக்கு முன்னால் நின்றவர்தான். ஒன்றையாவது தன் கையால் கரைத்திருந்தால் அப்போதே ஓடியிருப்பார்!

ராணியம்மா தட்டில் தண்ணீர் விட்டு, பொடியைப் போட்டு, சுண்ணாம்பு சேர்த்துக் கலக்கினார். தண்ணீர் மஞ்சளாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. மஞ்சள்தான். ராஜாவின் வெற்றிலைப் பெட்டியைக் கவிழ்த்து மிச்சச் சுண்ணாம்பையும் கொட்டினார். மசியவில்லை.

"இதென்ன அபசகுனம்! ஆரத்தி மோர்க்குழம்பு மாதிரி இருக்கே!"

"மோர்க்குழம்பா?" என்று ராஜா ஆசையாக எட்டிப் பார்த்தார்.

அதற்குள், கழுதைக்குப் பக்கத்தில் மூட்டைமுடிச்சோடு நின்ற நயினாரின் மனைவி, தான் முகத்துக்குப் பூசும் மஞ்சள் கிழங்கை உரசி இன்னொரு தட்டில் விட்டாள். ஒரு துளி சுண்ணாம்பு பட்டதும் தண்ணீர் குப்பென்று சிவந்தது.

ராஜா இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, பொடி பேசவே இல்லையே?"

"பேசிவிட்டது, மகாராஜா. அசல் மஞ்சள் சுண்ணாம்பைக் கண்டால் வெட்கப்பட்டுச் சிவந்துவிடும். இது சிவந்ததா? விற்றவரைப் போலவே இதற்கும் வெட்கம் கிடையாது!"

சபை கொல்லென்று சிரித்தது. நழுவப் பார்த்த தில்லைநாயகத்தைச் சேவகர்கள் பிடித்துக் கழுதைமேல் ஏற்றினார்கள். கரும்புள்ளி செம்புள்ளிக்கு நடுவே அவர் கடை மஞ்சளிலேயே நாலு புள்ளி வைத்தார் நயினார்.

"இந்தத் திருட்டுப் பொடியை அரண்மனைக்குள் விட்டது எவன்?" என்று ராஜா உறுமினார்.

"நல்ல மஞ்சளையெல்லாம் 'மங்கல், மங்கல்' என்று திருப்பி அனுப்பினாரே, அவர்தான்" என்றார் பூதலிங்கம்.

ராஜாவின் முகம் காது வரைக்கும் சிவந்துபோனது.

பூதலிங்கம் பெருமூச்சு விட்டார். "அப்பாடா! நம் மகாராஜா அசல்தான்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி எறிந்தார். பிடித்த பூதலிங்கம் அதையும் ஒருமுறை கையில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டார்.