பல் டாக்டரின் அறுப்பு மிஷின்

மரகதம்மாவிடம் கேள்வி கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் அழுதுகொண்டு வருவார்கள். பல் டாக்டர் அறவாழி வெட்கப்பட்டுக்கொண்டு வந்தார்.

"அம்மா, எல்லாத்தையும் விட்டுட்டேன். வீட்டை மக பேருக்கு எழுதியாச்சு. கிளினிக்கை மூடியாச்சு. காரைக்கூடக் கொடுத்துட்டேன். ஒண்ணே ஒண்ணை மட்டும் விட முடியல."

"யாரு அவங்க?"

"ஐயோ, ஆள் இல்லைம்மா. மிஷின்."

கரூருக்கு வெளியே, அமராவதிக் கரையில், ஓடு வேய்ந்த சில அறைகளும் ஒரு சமையல்கூடமும்தான் அம்மாவின் ஆசிரமம். மிச்ச நாளை அங்கேயே கழித்துவிட வேண்டும் என்பது டாக்டரின் ஆசை. எதையும் கொண்டுவரக் கூடாது என்று அம்மா யாரிடமும் சொன்னதில்லை. டாக்டர் தானாகவே அப்படி முடிவு செய்துகொண்டார். அம்மாவைவிட வயதில் மூத்தவர். முடிவுகளைச் சீக்கிரம் எடுத்துவிடுவார்.

"என்ன மிஷின்?"

"இரும்பு அறுக்கிற மிஷின். பேண்ட் சான்னு சொல்வாங்க. கார் ஷெட்ல வெச்சிருக்கேன். ராவுத்தரோட வெல்டிங் பட்டறைக்குக் கொடுத்துடறதாச் சொல்லிட்டேன். நாளைக்கு வண்டி வருது. ஆனா ராத்திரியில எழுந்து எழுந்து போய் அதைப் பார்த்துட்டு வரேன்." டாக்டர் கைகூப்பினார். "இந்தப் பற்றை எப்படிம்மா அறுக்கிறது?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு தண்டை ஒடித்துப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"நல்லா அறுக்குமா?"

"எது?"

"மிஷின்."

டாக்டரின் முகத்தில் விளக்கேற்றியது போல ஆயிற்று. "வாழைத்தண்டு மாதிரி அறுக்கும்மா!"

"அப்போ காலையில வரேன். இங்க சாப்பாட்டுக்கு அடிக்க மணி இல்லை. பழைய இரும்புக் குழாய் ஒண்ணு கிடக்கு. ஒரு துண்டு அறுத்துக் கொடுங்க. தொங்கவிட்டு அடிச்சுக்கறோம்."

"என் கேள்விக்குப் பதில்?"

"கேள்வியையும் எடுத்து வைங்க. வரேன்."

மறுநாள் காலை, குழாயை ஆட்டோவின் மேல் கட்டிக்கொண்டு அம்மா வந்து இறங்கினார். டாக்டர் ஷெட்டின் கதவைத் திறந்தார். மிஷின் மேல் ஒரு பூப்போட்ட போர்வை கிடந்தது. தூங்குகிற குழந்தையின் மேலிருந்து எடுப்பது போல அதை எடுத்தார்.

பச்சை வண்ணத்தில், முழங்கால் உயரத்தில் இருந்தது அது. இரண்டு சக்கரங்கள். சக்கரங்களைச் சுற்றி ஒரு வளையமாக ஓடும் மெல்லிய பிளேடு. கீழே, இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ்.

"பல்லைப் பாருங்கம்மா, பல்லை!" டாக்டர் தரையில் மண்டியிட்டுவிட்டார். "கெட்டி இரும்புக்குப் பெரிய பல்லு. குழாய்க்குப் பொடிப் பல்லு. மாத்திப் போட்டா உதிர்ந்துடும். ஆயுசு முழுக்கப் பல்லைப் பிடுங்கியே காலம் போச்சு. பல்லு வேலை செய்யற அழகை இப்பதான் பார்க்கிறேன்!"

"ஓட்டுறது கஷ்டமா?"

"கஷ்டமா! பிளேடு இருக்கிற இந்தக் கையைத் தூக்கி வெச்சு சுவிட்சைப் போட்டாப் போதும். தன் பாரத்துல தானா இறங்கும். நாம அமுக்கவே கூடாது."

"எப்ப நிறுத்தணும்?"

"அங்கதாம்மா இருக்கு விசேஷம்!" டாக்டரின் குரல் ஒரு படி ஏறியது. "துண்டு அறுந்து விழுந்ததும் கை அடி வரைக்கும் இறங்கி, இதோ, இந்தச் சுவிட்சைத் தட்டும். தானா நின்னுடும். நான் பாட்டுக்கு உட்கார்ந்து காபி குடிப்பேன்."

சுவரோரப் பலகையில் வட்ட வட்டமாக இரும்புத் துண்டுகள் அடுக்கியிருந்தன. வெளிப்புறம் துரு. அறுத்த முகம் மட்டும் நிலவு போல் மின்னியது.

"இதெல்லாம் எதுக்கு?"

"எதுக்கும் இல்லைம்மா. சும்மா. உள்ளே எப்படி இருக்குன்னு பார்க்கத்தான்." ஒன்றை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். "வெளியே அம்புட்டுத் துரு. உள்ளே பாருங்க, என்ன வெளிச்சம்!"

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மூலையைப் பார்த்தார். அங்கே பாதி அறுத்து நிறுத்திய கம்பிகள் ஒரு குவியலாகக் கிடந்தன.

"அதெல்லாம்?"

டாக்டரின் குரல் இறங்கிவிட்டது.

"அது... பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டா மிஷினை அணைச்சுடுவேன். மிச்சத்தை அப்புறம் அறுக்க மனசு வராது." பிளேடில் ஒட்டியிருந்த தூளை விரலால் துடைத்தார். "என் சம்சாரம் குயிலி போய் ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகலை. கூடத்துல அவ போட்டோ இருக்கு. நான் இங்க கதவைச் சாத்திக்கிட்டு, இரும்பை அறுத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கேன். நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"குயிலி பார்த்தா?"

"அவளா?" டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "'கொல்லையில துணி காயப்போடக் கம்பி கேட்டு எத்தனை நாளாச்சு, முதல்ல அதை அறுங்க'ன்னு வேலை வெச்சிருப்பா."

சிரிப்பு பாதியில் நின்றது. டாக்டர் எழுந்து, வேட்டியில் ஒட்டிய இரும்புத் தூளைத் தட்டினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரம் போய் நின்றார்.

"நீங்களே அறுத்துக்கங்கம்மா. நான் தொடமாட்டேன். இன்னையிலிருந்து இது என்னுது இல்லை. எந்தப் பிடிப்பும் வேண்டாம்."

"சரி" என்றார் அம்மா.

குழாயை வைஸில் வைத்தார். மறு முனைக்கு ஒரு முக்காலியை முட்டுக்கொடுத்தார். வைஸின் கைப்பிடியை இரண்டு விரலால் லேசாக ஒரு சுற்றுச் சுற்றினார். மிஷினின் கையை உயர்த்தினார்.

டாக்டரின் கழுத்து நீண்டது. கைகள் பின்னாலேயே இருந்தன.

அம்மா சுவிட்சைப் போட்டார். பிளேடு ஓடத் தொடங்கியது. அதன் இரு முனைகளும் சேரும் ஒட்டு சக்கரத்தைக் கடக்கும்போதெல்லாம் 'டிக்' என்று ஒரு சத்தம். கை மெல்ல இறங்கியது. பல் குழாயைத் தொட்டது.

'கரக்'.

குழாய் உருண்டது. பிளேடு அதைக் கவ்வி இழுத்தது. முக்காலி சாய்ந்தது. மிஷின் முழுவதும் உதறியது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

டாக்டர் எப்படி வந்தார் என்று டாக்டருக்கே தெரியாது. சுவிட்சை அறைந்து அணைத்தார். பிளேடு சக்கரத்திலிருந்து நழுவித் தொங்கியது. தரையில் பொடிப் பற்கள்.

"போச்சு! பல்லு போச்சு! என்னம்மா பண்றீங்க? புத்தி இருக்கா உங்களுக்கு?" ஆசிரமத்தில் யாரும் அம்மாவிடம் அப்படிப் பேசியதில்லை. "பிடிக்கவே இல்லையே! ரெண்டு விரலால பிடிச்சா பிடிப்பா அது? உடும்பு மாதிரி பிடிக்கணும்! இப்படி ஏனோதானோன்னு பிடிச்சா எதைம்மா அறுக்க முடியும்?"



அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. எதையோ ரசித்துச் சாப்பிட்டவர் முகம் போல இருந்தது.

"எப்படிப் பிடிக்கணும்?" என்றார்.

டாக்டர் வேட்டியை மடித்துக் கட்டினார். ஆணியில் தொங்கிய புது பிளேடை எடுத்து மாட்டினார். விரலால் சுண்டி, காதைச் சாய்த்து அதன் இறுக்கத்தைக் கேட்டார். இன்னும் கொஞ்சம் முறுக்கினார். மறுபடி சுண்டினார். தலையாட்டினார். குழாயை நிமிர்த்தி வைஸில் வைத்து, கைப்பிடியைச் சுற்றினார். மேலும் சுற்றினார். உடம்பின் பாரம் முழுவதையும் அதன் மேல் போட்டு, கடைசியாக ஒரு கால் சுற்று.

"பிடிச்சிருக்கா?" என்றார் அம்மா.

டாக்டர் குழாயை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"பிடிச்சிருக்கும்மா."

சுவிட்சைப் போட்டார்.

இந்த முறை குழாய் பேசாமல் இருந்தது. பிளேடு அதற்குள் இறங்கியது. இரும்புத் தூள் ஒரு பக்கமாகச் சன்னமாகக் கொட்டியது. டிக், டிக், டிக் என்று ஒட்டு தாளம் போட்டது. டாக்டர் குனிந்து, தாடையைக் கையில் தாங்கி, வாய் கொஞ்சம் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டார்.

"சுடுமா?"

"லேசா. தொடாதீங்க, தொடாதீங்க! பாருங்க, பாதி வந்தாச்சு!"

பக்கத்து வீட்டு ஜன்னல் கிறீச்சிட்டது.

டாக்டரின் கை சுவிட்சை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. நின்ற கை மெதுவாகத் திரும்பி வந்து முழங்கால் மேல் உட்கார்ந்தது.

"என்ன டாக்டர், காலங்காத்தால என்ன சத்தம்?"

"இரும்பு அறுக்கிறேன் சார்!" டாக்டர் ஷெட்டே அதிரக் கத்தினார். "வந்து பாருங்க! பிரமாதமா இருக்கு!"

கடைசி இழை அறுந்தது. துண்டு சிமென்ட் தரையில் விழுந்தது.

ணங்...

அந்த ஒலி சுவரைத் தொட்டு, பலகையிலிருந்த வட்டுகளைத் தொட்டு, கூடம் வரை போனது. மிஷினின் கை அடிவரை இறங்கிச் சுவிட்சைத் தட்டியது. பிளேடு நின்றது. ஒலி மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் முதலில் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது.

"இன்னொரு தரம் விழ வைங்க" என்றார் அம்மா.

டாக்டர் அதைத் தூக்கிப் போட்டார். ணங்...

வாசலில் ஹாரன் அடித்தது. மினி லாரி ஓட்டி வந்த இளைஞன் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"சார், ராவுத்தர் அனுப்பினாரு. இதானே மிஷின்?"

டாக்டரின் முகத்திலிருந்த சிரிப்புக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

அம்மா, அறுத்த குழாய்த் துண்டைத் தூக்கி இளைஞனிடம் கொடுத்தார்.

"இதை ஏத்திக்கப்பா. ஆத்தங்கரையில இறக்கணும். நானும் வரேன்."

"இது மட்டுமாம்மா?"

"இது மட்டும்தான். ராவுத்தர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவர் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். துண்டை அவனிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். டாக்டர் செருப்பு மாட்டாமல் வண்டி வரை ஓடிவந்தார். கையெல்லாம் இரும்புத் தூள்.

"அம்மா! அப்போ நான்? ஆசிரமத்துக்கு நான் எப்ப வரட்டும்?"

வண்டி கிளம்பியது. அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"மிஷின் எப்ப நிக்கும்னு சொன்னீங்க?"

காலமெல்லாம் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொன்னவர், தன் வாயைத் திறந்தார். பிறகு மெல்ல மூடிக்கொண்டு, மூலையில் கிடந்த பாதி அறுத்த கம்பிகளில் ஒன்றை எடுக்க ஷெட்டுக்குள் போனார்.