நான்கு கல்லிலும் மூன்று கோடு

மழைக்குக் காத்திருந்த ஒரு காட்டில், மருத மரத்தடியில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. சுவர் கிடையாது, மணி கிடையாது, வீட்டுப்பாடம் மட்டும் உண்டு. கொக்கு டீச்சர் ஒற்றைக் காலில் நின்று பாடம் நடத்துவார். பிள்ளைகள் மொத்தம் எட்டுப் பேர்.

கொக்கு டீச்சர் பாடம் முழுவதையும் தானே சொல்லித்தர மாட்டார். எட்டுப் பேரையும் இரண்டு குழுவாகப் பிரிப்பார். குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒன்று முதல் நான்கு வரை ஓர் எண். பாடத்தையும் நான்கு துண்டாக்குவார். ஒன்றாம் எண் முதல் துண்டைப் படிக்கும், இரண்டாம் எண் இரண்டாம் துண்டைப் படிக்கும். படித்தபின் அவரவர் துண்டைத் தன் குழுவில் மற்ற மூவருக்கும் சொல்லித்தர வேண்டும்.

பிறகு பானை வரும். அதற்குள் நான்கு கூழாங்கற்கள். ஒன்றில் ஒரு கோடு, இன்னொன்றில் இரண்டு கோடு, இப்படியே நான்கு கோடு வரை. டீச்சர் பானைக்குள் அலகை விட்டு ஒரு கல்லை எடுப்பார். எந்த எண் வருகிறதோ, இரண்டு குழுவிலும் அந்த எண்ணுக்கு உரியவர் எழுந்து வந்து டீச்சர் காதில் விடை சொல்ல வேண்டும். கேள்வி எந்தத் துண்டிலிருந்தும் வரலாம். மற்றவர்கள் யாராவது வாயைத் திறந்தால் அந்தக் குழு தோற்றது. கொக்குக்குக் காது எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். சொன்னால் அதற்குக் கேட்கும், அவ்வளவுதான்.

அன்றைய பாடம் மழைக்காலம். ஜெயிக்கும் குழுவுக்குக் கரடி மாமா ஒரு முழுத் தேனடையைக் கொடுத்தனுப்பியிருந்தார். அது கிளையில் தொங்கிச் சொட்டிக்கொண்டே இருந்தது. பாடம் படிக்கிற கண்கள் எல்லாம் நிமிடத்துக்கு ஒரு தடவை அங்கே போய்விட்டு வந்தன.

முதல் குழுவில் கிளிதான் ஒன்று, எருமைக்கன்று இரண்டு, நரிக்குட்டி மூன்று, அணில் நான்கு. வகுப்பிலேயே கெட்டிக்காரன் நரிக்குட்டி. இதை நரிக்குட்டியே தினமும் பத்துத் தடவை சொல்லும்.

"நான் எறும்பைப் பத்திப் படிச்சேன், கேளுங்க" என்றது கிளி.

நரி வாயைத் திறக்காமலே கொட்டாவி விட்டது.

"நான் ஓடையைப் பத்திப் படிச்சேன்" என்றது எருமைக்கன்று. அது மெல்லத்தான் பேசும். ஆனால் ஒரு வார்த்தை விடாமல் படித்திருந்தது.

நரி திரும்பிப் படுத்துக்கொண்டது.

"சரி, நீ படிச்ச குகையைப் பத்தியாவது சொல்லு" என்று அணில் கேட்டது.

"உங்களுக்கு எதுக்கு? எனக்குத் தெரியுதே, போதாதா?"

"உன் நம்பர் வராம எங்க நம்பர் வந்தா?"

"வராது" என்றது நரி.

அவ்வளவு உறுதியாக எப்படிச் சொன்னது தெரியுமா? அன்று காலையில் யாரும் வருவதற்கு முன்பே அது வந்துவிட்டது. பானையில் இருந்த நான்கு கல்லையும் எடுத்துவிட்டு, வேறு நான்கு கல்லைப் போட்டுவிட்டது. நான்கிலும் மூன்று மூன்று கோடு. பழைய கற்களை ஓடையில் வீசப் போனபோது டீச்சர் வந்துவிட்டார். வேறு வழி தெரியாமல் கற்களை வாயில் போட்டுக்கொண்டது. இந்தக் கன்னத்தில் இரண்டு, அந்தக் கன்னத்தில் இரண்டு.

"உன் கன்னம் ஏன் வீங்கியிருக்கு?" என்று எருமைக்கன்று கேட்டது.

"பல்வலி" என்றது நரி.

இது போதாதென்று, தேன் விருந்து இருக்கிறது என்று சொந்தக்காரர்களையும் அழைத்திருந்தது. பெரியப்பா, சித்தி, இரண்டு அத்தைகள், பேர் தெரியாத சில மாமாக்கள் என்று பதினொரு பேர் புதருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, ஆளுக்கொரு தேக்கிலையும் விரித்துவிட்டார்கள். தேனடையில் தன் பங்கு நாலில் ஒன்றுதான் என்பதை நரி அவர்களிடம் சொல்லவே இல்லை.

இரண்டாம் குழுவில் மூன்றாம் எண் ஆமை. ஆமைக்கு மறதி அதிகம். அதனால் முயலும் காட்டுக்கோழியும் குரங்கும் ஒவ்வொன்றையும் அதற்கு மூன்று தடவை சொல்லிக்கொடுத்தன. குரங்கு எறும்பாகவே ஊர்ந்து காட்டியது. ஆமை படித்த துண்டை மற்ற மூன்றும் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டன. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது.

"நேரம் முடிந்தது. இனி யாரும் பேசக்கூடாது" என்றார் டீச்சர். அலகைப் பானைக்குள் விட்டார். "மூன்று. நம் காட்டுக் குகைகளில் மழைத் தண்ணீர் ஏறாத குகை எது?"

நரி துள்ளி ஓடி, "வௌவால் குகை" என்று காதில் சொன்னது. ஆமையும் நடந்து வந்து அதையே சொன்னது. இருவர் விடையும் சரி. புதருக்குப் பின்னால் இலைகளுக்குத் தண்ணீர் தெளித்தார்கள்.

டீச்சர் கல்லைத் திரும்பப் போட்டுக் குலுக்கி எடுத்தார். "மறுபடியும் மூன்று. மழை வருவதற்கு முன்னால் எறும்புகள் என்ன செய்யும்?"

நரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எறும்பா? அது கிளியின் துண்டாயிற்றே. கல்லை மாற்றும் அவசரத்தில் கேள்வியைப் பற்றி அது யோசிக்கவே இல்லை. கிளியைத் திரும்பிப் பார்த்தது. கிளி இரண்டு சிறகாலும் வாயைப் பொத்திக்கொண்டு தவித்தது.

"குடை பிடிக்கும்" என்றது நரி.

டீச்சர் இருமினார். ஆமை வந்து, "முட்டையைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போகும்" என்றது.

மூன்றாவது கல்லும் வந்தது. "அட, மூன்றேதான். ஓடைத் தண்ணீர் செம்மண் நிறமாகி, சுள்ளிகள் மிதந்து வந்தால் என்ன செய்ய வேண்டும்?"

எருமைக்கன்று உட்கார்ந்த இடத்திலேயே குதித்தது. இது அதன் துண்டு. ஆனால் எழ முடியாதே. நரி எழுந்து நடந்தது.

"சுள்ளி பொறுக்கணும்."

"வெள்ளம் வருது, ஓடையில இறங்கவே கூடாது" என்றது ஆமை.

டீச்சர் மீண்டும் பானையைக் குலுக்கினார். அடுத்ததும் மூன்றுதான் வரும். அதற்கடுத்ததும் மூன்றுதான். மின்னலைப் பற்றி அணில் படித்ததைக் கேட்டால் என்ன சொல்வது? நரிக்கு வியர்த்துவிட்டது. தான் என்ன செய்திருக்கிறோம் என்பதையே மறந்து கத்தியது.

"டீச்சர், இது அநியாயம். பானையில எல்லாமே மூணுதான் இருக்கு!"

கத்திய வேகத்தில் வாயிலிருந்து நான்கு கூழாங்கற்கள் பறந்து வந்து டீச்சர் காலடியில் உருண்டன. ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு, நான்கு கோடு.

முதலில் குரங்குக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மரத்தடியே புரண்டு புரண்டு சிரித்தது. ஆமை மல்லாந்து விழுந்து, அப்படியே கிடந்து சிரித்தது. டீச்சர் மட்டும் இரண்டு காலையும் ஊன்றி நின்றார். அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

"இதுவரை எடுத்த கல் எதுவும் செல்லாது. ஆனால் நரியின் குழுவில் மற்ற மூன்று பேர் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒரே ஒரு கேள்வி. அதற்குச் சரியாகச் சொல்லும் குழுவுக்குத் தேனடை. இரண்டாம் குழுவுக்குச் சம்மதமா?"

"யாரை எழுப்பினாலும் சொல்லுவோம் டீச்சர்" என்றது ஆமை, மல்லாந்தபடியே.

டீச்சர் பானையைக் கவிழ்த்துவிட்டு, பழைய கற்களைக் கழுவி அதில் போட்டுக் குலுக்கினார். "இரண்டு."

எருமைக்கன்று எழுந்தது. நரிக்கு உயிர் வந்தது. கன்றுதான் ஒரு வார்த்தை விடாமல் படித்திருக்கிறதே.

"வௌவால் குகைக்குள் நுழைவதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்?"

நரியின் வாய் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. அது நரி படித்த துண்டு. வாசலில் நின்று மூன்று தடவை கனைக்க வேண்டும், உள்ளே தூங்கும் மலைப்பாம்பு விழித்து ஒதுங்கிக்கொள்ளும். நரிக்கு எழுத்து எழுத்தாகத் தெரியும். சொன்னால் குழு தோற்றுவிடும். சொல்லாவிட்டால் கன்றுக்குத் தெரியாது. நரி தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு தரையில் உருண்டது.

கன்று நன்றாக யோசித்தது. "காலைத் துடைச்சிட்டு உள்ள போகணும்" என்று டீச்சர் காதில் சொன்னது.

இரண்டாம் குழுவில் இரண்டாம் எண்ணான காட்டுக்கோழி வந்தது, "மூணு தடவை கனைக்கணும்" என்று காதில் சொன்னது, தேனடையை வாங்கிக்கொண்டு போயிற்று.

புதருக்குப் பின்னாலிருந்து நரியின் சித்தி தலையை நீட்டினாள். "என்னப்பா, இலையை மடிச்சிரலாமா?"

நரி வாலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. எருமைக்கன்று அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"அந்தக் கேள்விக்கு விடை என்ன?" என்று கேட்டது.

"வாசல்ல நின்னு மூணு தடவை கனைக்கணும்" என்றது நரி.

"இவ்வளவுதானா? காலையில சொல்லியிருந்தா நான் மறந்திருக்க மாட்டேனே."

அந்தப் பக்கம் நான்கு பேர் விரலை நக்கிக்கொண்டிருந்தார்கள். நரி முதல்முறையாக அழுதது. அப்போதும் கன்று அதன் பக்கத்திலேயே இருந்தது.

நீதி: சொல்லிக்கொடுக்கவும் கேட்டுக்கொள்ளவும் மறுப்பவன், தன் குழுவையும் தோற்கடித்துத் தானும் தோற்பான்.