ஆள்காட்டியும் மூன்று அறிஞர்களும்

காட்டுக் குளத்தின் கரையில் செம்மூக்கி என்ற ஆள்காட்டிக் குருவி இருந்தது. மனித வாடை அடித்ததும் அது தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தினால் எல்லா விலங்குகளும் ஓட வேண்டும். அதுதான் அந்தக் காட்டின் வழக்கம்.

ஒருநாள் நண்பகலில் மான்குட்டி ஒன்று கம்பிக் கண்ணியில் கால் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகியது. தாய் மான் பல்லால் கடித்துப் பார்த்தது. பல் உடைந்ததுதான் மிச்சம்.

"பொழுது சாஞ்சா கண்ணி வச்சவன் வந்துடுவானே!" என்று அழுதது.

"கம்பியை அவிழ்க்க விரல் வேணும்" என்றது கிழட்டு ஆமை. "மனுஷன்கிட்டதான் கேக்கணும்."

"மனுஷன்கிட்டயா?" காட்டுப்பன்றி உறுமியது. அதன் முதுகில் ஈட்டித் தழும்பு இருந்தது. "அவன் பிறவியிலேயே கெட்டவன்!"

"பிறவியிலேயே நல்லவன்!" என்றது குரங்கு. அது கோயில் படிக்கட்டில் வாழைப்பழம் தின்று வளர்ந்தது. "அவனுக்குள்ள கடவுளே இருக்கார்!"

"ரெண்டும் தப்பு" என்றது ஆமை. "பிறக்கும்போது அவன் ஈரக் களிமண். பிசையிற கையைப் பொறுத்தது."

பிடித்துக்கொண்டது வாதம். நிழல் நகர்ந்தது. குட்டியின் காலில் ரத்தம் கசிந்தது. மூவரும் நிறுத்தவில்லை.

செம்மூக்கிக்குப் பொறுக்கவில்லை. "நல்லா இருக்கு உங்க ஞானம்! நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள குட்டி செத்துப்போகும்! உங்கள்ல ஒருத்தராவது ஒரு மனுஷனை முழுசா பாத்திருக்கீங்களா?"

"நீ மட்டும் பாத்தியோ?" பன்றி சீண்டியது. "தூரத்துல தலை தெரிஞ்சாலே கத்துறவதானே நீ!"

சுருக்கென்றது செம்மூக்கிக்கு. உண்மைதானே! அது மனிதரைத் தேடிப் பறந்தது.

ஒற்றையடிப் பாதையில் ஆடு மேய்த்தபடி ஒரு பெண் வந்தாள். இடுப்பில் அரிவாள். கத்த வாயெடுத்த செம்மூக்கி அடக்கிக்கொண்டது. ஆட்டுக்குட்டி ஒன்று நொண்டியது. அவள் உட்கார்ந்து அதன் குளம்பிலிருந்த முள்ளைப் பல்லால் கடித்து எடுத்தாள்.

செம்மூக்கி திரும்பி வந்து கண்டதைச் சொன்னது.

"அது அவ சொந்த ஆடும்மா!" பன்றி சிரித்தது. "மான்குட்டி அவளுக்குக் கறி!"

"இருக்கலாம், அண்ணே. அதனாலதான் நான் பக்கத்துலயே நிப்பேன். அரிவாளை ஓங்கினா முகத்துலயே பாய்வேன். மானக்கா, நீங்க சொல்லுங்க. கூப்பிடவா?"

தாய் மான் குட்டியின் காலை நக்கியது. பிறகு, "கூப்பிடு" என்றது.

ஆள்காட்டி தன் முட்டையைக் காக்க, சிறகொடிந்ததுபோல் நடித்து மனிதரைத் தூர இழுத்துப் போகும். செம்மூக்கி அதே நடிப்பைப் போட்டுப் பெண்ணைக் கண்ணியருகே இழுத்து வந்தது.

அவள் குட்டியைப் பார்த்தாள். நாலு பக்கமும் பார்த்தாள். கை அரிவாளுக்குப் போயிற்று. வீட்டில் என்ன பசியோ! செம்மூக்கி இறக்கை விரித்துப் பாயத் தயாரானது.

குட்டி மெல்ல முனகியது.

"எந்தப் பாவி வச்சது இது?" அரிவாளைத் தூர எறிந்துவிட்டு, அவள் மண்டியிட்டுச் சுருக்கைத் தளர்த்தினாள். குட்டி தாயிடம் பாய்ந்தோடியது. அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள்.

புதரிலிருந்து குரங்கு குதித்தது. "பாத்தீங்களா! பிறவியிலேயே நல்லவ!"

"கண்ணி வச்சவன் யாரு, கரடியா?" என்றது பன்றி.

"களிமண்ணு..." என்று தொடங்கியது ஆமை.

வாதம் மறுபடி சூடுபிடித்தபோது, பொழுது சாய, கையில் கோணியோடு ஒருவன் வந்தான். நேராகக் கண்ணியைப் பார்க்கப் போனான். செம்மூக்கி தொண்டை கிழியக் கத்தியது! பன்றி புதருக்குள் பாய்ந்தது, ஆமை தண்ணீரில் விழுந்தது. எல்லோருக்கும் முன்னால் மரத்தின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது, மனிதனுக்குள் கடவுளைக் கண்ட குரங்குதான்!

ஓடியபடியே தாய் மான் கேட்டது: "தங்கச்சி, அப்போ மனுஷன் நல்லவனா, கெட்டவனா?"

"எந்த மனுஷன்னு சொல்லுங்கக்கா. போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்!" என்றது செம்மூக்கி.

பிறவிக் குணத்தைப் பற்றி ஊர்ப்பட்ட வாதம் செய்வதைவிட, எதிரில் நிற்பவர் என்ன செய்கிறார் என்று கண் திறந்து பார்ப்பதே அறிவு.